தோன்றி மறையும் எச்சரிக்கை: மோட்டார் வாகனத் தடுப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இயந்திர ஊர்திகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதினர். எந்த ஆண்டில் எந்த வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று என்பதற்கு ஏடுகள் உள. ஓடிய வண்டி எவ்வாறு நின்றது என்பதோ அடிக்குறிப்புக்குரிய செய்தியாக ஒதுக்கப்பட்டுவிட்டது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட வரலாற்றின் ஒரு சிறு கிளையை இக்கட்டுரை நோக்க முயல்கின்றது. பிறேக் என நாம் அன்றாட வழக்கிற் கூறும் தடுப்பு பழுதுற்றபோது அப்பழுதைச் சாரதி எவ்வாறு அறிந்தான்? அவனுக்கு அதனை அறிவித்தது எது? அறிவித்த குறி சிறிது நேரத்தில் தானே மறைந்துவிட்டால் அவன் அதனை நம்புவதா, விடுவதா?

இறுதி வினா இன்றைய புதிய கார்களை வைத்திருப்போர் பலரும் எதிர்கொள்ளும் ஒன்று. வண்டி ஓடிக்கொண்டிருக்கையிற் சாரதியின் முன்னுள்ள பலகையில் ஒரு விளக்கு எரிகின்றது. தடுப்பு அமைப்பைச் சோதிக்குமாறு ஒரு வாசகம் தோன்றுகின்றது. மிதியை மிதித்தால் வண்டி வழமைபோல் நிற்கின்றது. மறுநாட் காலை விளக்கும் இல்லை, வாசகமும் இல்லை. திருத்துமிடத்துக்குக் கொண்டுசென்றால் அங்கு எதுவும் காணப்படுவதில்லை. ஒரு கிழமை கழிந்தபின் அதே வாசகம் மீண்டும் வருகின்றது. இதனை இன்றைய மின்னணுக் கருவிகளின் விளையாட்டு எனச் சிலர் தள்ளிவிடுவர். நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு சிந்தனைப் போக்கின் விளைவு இது என்பதே எமது கருத்து.

தொடக்ககால மோட்டார் வண்டிக்கு எச்சரிக்கை விளக்கு வேண்டியிருக்கவில்லை. காள் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் உரிமைக்காப்புப் பெற்ற முச்சக்கர வண்டியின் தடுப்பு கைநெம்புகோலால் இயங்கும் ஒரு கட்டையேயாகும். அவர் மனைவி பேர்த்தா பென்ஸ் 1888 ஓகஸ்ற்றில் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றபோது, இறக்கங்களிற் கட்டை தேய்ந்துபோகவே, வழியில் ஒரு சப்பாத்துத் தைப்பவரைக்கொண்டு அதன்மேல் தோல் அறைவித்தார் என்பர். தேய்வைக் கண்ணாற் கண்டார், கையால் உணர்ந்தார், உடனே பரிகாரமும் தேடினார். பழுதுக்கும் அறிவுக்கும் இடையில் வேறு தூதுவர் எவரும் இல்லை.

தடுப்பு மறைவான குழாய்களுக்குட் சென்றபோதுதான் சிக்கல் பிறந்தது. இதனை முதலில் அனுபவித்தது வீதியன்று, புகையிரதப் பாதையேயாகும். 1889 யூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பாடசாலைச் சிறுவர்களை ஏற்றிக்கொண்டு வோரன்பொயின்ற் கடற்கரைக்கு ஒரு சுற்றுலாப் புகையிரதம் புறப்பட்டது. ஏற்றமொன்றில் எஞ்சின் வலுக்குன்றி நின்றுவிட்டது. வண்டித்தொடரை இரண்டாக்கி, முற்பாதியை முதலிற் கொண்டுசென்று பிற்பாதியைப் பின்னர் எடுக்கலாம் எனப் பொறுப்பாளர் முடிவுசெய்தார். அப்புகையிரதத்தில் இருந்தது எளிய வெற்றிடத் தடுப்பு. குழாயில் வெற்றிடம் உண்டாக்கினாற் சக்கரம் பிடிபடும். குழாய் துண்டிக்கப்பட்டாற் பிடி போய்விடும். இணைப்பைக் கழற்றிய கணத்திற் பின்பெட்டிகள் தடுப்பற்றவையாயின. ஒரு கைத்தடுப்பும் சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே எஞ்சின. முற்பகுதி சற்றே பின்னோக்கி அசைந்து இடித்ததும் கற்கள் நொறுங்கின. பெட்டிகள் இறக்கத்தில் உருண்டோடிப் பின்னால் வந்த மற்றொரு புகையிரதத்தில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் சிறுவர்.

இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், இதற்கான மாற்று அப்போதே இருந்தது என்பதாகும். அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்கவுஸ் 1869இல் அமுக்கக் காற்றால் இயங்கும் தடுப்பை அமைத்தார். அதுவும் குழாய் அறுந்தாற் செயலிழக்கும் வகையினதே. 1872இல் அவர் அதனைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தாங்கி. குழாயில் அமுக்கம் இருக்கும்வரை தடுப்பு விலகி நிற்கும். அமுக்கம் குறைந்ததும் தாங்கியின் காற்றுத் தானே தடுப்பை இயக்கும். குழாய் அறுந்தால் வண்டி ஓடாது, நிற்கும். பழுதே தடுப்பாக மாறும் இவ்வமைப்பு உலகத்துக்குத் தெரிந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபின்னரே ஆர்மாவிற் சிறுவர் மாண்டனர். அதே ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றிப் பயணிகள் புகையிரதங்களுக்குத் தானியங்கும் தொடர்தடுப்பைக் கட்டாயமாக்கிற்று. வெற்றிடத் தடுப்பும் இத்தானியங்கு முறைக்கு மாற்றப்பட்டது. இலங்கைப் புகையிரதங்களில் நெடுங்காலம் வழங்கியது அம்முறையே.

மோட்டார் கார் இவ்வழியைப் பின்பற்றவில்லை. பாரவூர்திகளிற் காற்றுத்தடுப்பும், காற்றுப் போனாற் சக்கரத்தைப் பிடிக்கும் விற்சுருளும் பின்னாளில் வந்தன. காருக்கு அவை பாரமும் செலவும் மிக்கவை. மேலும், நெருக்கமான வீதியிற் சிறு கசிவு ஒன்றினாற் கார் சடுதியாக நின்றுவிடுவதும் ஆபத்தே. எனவே பழுது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பதிலாக, பழுதைச் சாரதிக்கு அறிவித்து அவனை நிறுத்தச்செய்யும் ஏற்பாடு தேர்ந்தெடுக்கப்பட்டது. எச்சரிக்கை விளக்கின் பிறப்பை இவ்விடத்திலேயே காணவேண்டும். புகையிரதம் இயந்திரத்திடம் ஒப்படைத்த கடமையைக் கார் மனிதனிடம் ஒப்படைத்தது.

திரவத் தடுப்பின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எங்கும் சமமாகப் பரவும் எனப் பதினேழாம் நூற்றாண்டிற் பஸ்கால் வகுத்த விதியே அதன் அடிப்படை. மல்கம் லொக்ஹீட் 1917இல் இதற்கு உரிமைக்காப்புப் பெற்றார். விமானக் கம்பனியாற் புகழ்பெற்ற அதே குடும்பத்தவர் அவர். 1921இல் டியூசன்பேர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் திரவத்தடுப்பு இடம்பெற்றது. 1924இல் கிறைஸ்லர் அதனைப் பெருந்தொகையான மக்களிடம் கொண்டுசென்றது. ஹென்றி போர்ட் மட்டும் 1939 வரை இரும்புக் கோலையும் கம்பியையும் விடவில்லை. இதனை வெறும் பிடிவாதம் எனச் சிரிப்பது எளிது. ஆயினும் அவருடைய ஐயத்தில் ஒரு நியாயம் இருந்தது. கம்பி தளர்வது தெரியும். குழாயினுள் நடப்பது தெரியாது. ஒரே சுற்றாக அமைந்த திரவத்தடுப்பில் எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிடியிழந்தன. மிதி தரைவரை தாழ்வதே சாரதிக்குக் கிடைத்த முதல் அறிவிப்பும் இறுதி அறிவிப்புமாகும்.

இதற்குப் பரிகாரமாகத் திரவச் சுற்றை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று அழிந்தாலும் மற்றையது வண்டியை நிறுத்தும். 1962இல் கடிலாக் கார்களில் இரட்டை மாஸ்ரர் சிலிண்டர் வந்தது. ஐரோப்பாவிற் சாப், வொல்வோ ஆகியன இவ்வழியிற் சென்றன. ஐக்கிய அமெரிக்காவில் ரால்ப் நேடரின் நூல் 1965இல் எழுப்பிய கொந்தளிப்புக்குப் பின் 1966 செப்ரெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்கீழ் 1968 முதல் நடைமுறைக்கு வந்த தடுப்பு நியமம் பிரிந்த சுற்றையும் எச்சரிக்கை விளக்கையும் ஒருங்கே கேட்டது. இவ்விரண்டும் ஒருங்கே வந்தது தற்செயலன்று. ஒற்றைச் சுற்று அழிந்தாற் சாரதிக்குத் தெரியாமற் போகாது. இரட்டைச் சுற்றிற் பாதி அழிந்தாலோ வண்டி எப்படியோ நின்றுவிடும். மெதுவாக ஓட்டுபவன் வேறுபாட்டைக் கவனியாமலே நாட்கணக்கில் ஓட்டலாம். மறுபாதியும் அழியும் நாளில் அவன் ஒற்றைச் சுற்றுக்காலத்துக்கே திரும்பிவிடுவான். பாதுகாப்பைக் கூட்டிய அதே அமைப்புப் பழுதை மறைத்தது. மறைந்ததை வெளிக்கொணரவே விளக்கு வேண்டியதாயிற்று.

அவ்விளக்கை ஏற்றிய பொறி மிக எளியது. இரு சுற்றுகளுக்கும் நடுவே ஒரு சிறு முசலம், இருபுறமும் அமுக்கம் சமமெனின் அது நடுவில் நிற்கும், ஒருபுறம் அமுக்கம் போனால் அப்பக்கம் தள்ளப்பட்டு ஓர் ஆளியைத் தொடும், விளக்கு எரியும். பல வண்டிகளில் ஒருமுறை தள்ளப்பட்ட முசலம் திருத்துநர் மீட்கும்வரை அங்கேயே கிடக்கும். எரிந்த விளக்கும் எரிந்தபடியே இருக்கும். இப்பழைய பொறிக்கு நினைவு இருந்தது என்று கூறினால் மிகையாகாது. அமுக்கத்தையும் மின்னோட்டத்தையும் அளந்துகாட்டிய முட்களுக்குப் பதிலாக 1930களிலிருந்து அமெரிக்கக் கார்களில் விளக்குகள் வரத் தொடங்கியபோது, அவற்றை மூடர் விளக்குகள் என ஏளனஞ் செய்தோர் உளர். அளவைக் கூறாது ஆம், இல்லை என்று மட்டும் கூறுவதால் வந்த ஏளனம் அது.

பின்னர் வந்த மாற்றம் சிறியதாயினும் எமது பொருளுக்கு இன்றியமையாதது. முசலத்துக்குப் பதிலாக, மாஸ்ரர் சிலிண்டருக்கு மேலுள்ள எண்ணெய்த் தாங்கியில் ஒரு மிதவையை வைத்தனர். மிதவையிற் காந்தம், அதன் கீழே கண்ணாடிக் குழலுள் இரு மெல்லிய உலோக நாக்குகள் கொண்ட ஆளி. எண்ணெய் மட்டம் தாழ்ந்தாற் காந்தம் நெருங்கி நாக்குகள் ஒட்டும், விளக்கு எரியும். இவ்வாளி 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் தொலைபேசித் தேவைக்காக உருவானது. முசலம் போலன்றி மிதவை ஓரிடத்தில் நிற்பதில்லை. மட்டம் எல்லைக்கோட்டை அண்மியிருக்கும்போது வளைவில் திரும்பினால், ஏற்றத்தில் ஏறினால், சடுதியாக நிறுத்தினால் எண்ணெய் ஒருபுறம் சாய்ந்து மிதவை தாழும். சமதரைக்கு வந்ததும் எழும். கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளில் எரியும் விளக்குப் பேராதனைச் சமவெளிக்கு வந்ததும் அணைந்துவிடுவதற்கு இதற்குமேற் காரணம் தேடவேண்டியதில்லை.

ஆனால் மட்டம் ஏன் தாழ்ந்தது என்பது வேறு வினா. எண்ணெய் வெளியே கசிந்திருக்கலாம். கசிவு எதுவும் இல்லாமலும் தாழலாம்: பிறேக் பாட்டுகள் தேயத்தேய அவற்றைத் தள்ளும் முசலங்கள் வெளியே வந்து நிற்கும், அவை விட்ட இடத்தை எண்ணெய் நிரப்பும், தாங்கியில் அவ்வளவு குறையும். எனவே சாய்வில் மட்டும் எரியும் விளக்குப் பலவேளைகளிற் பாட்டுகளின் ஆயுள் முடிவதை மறைமுகமாகக் கூறுகின்றது. இதனை அறியாத சிலர் தாங்கியில் எண்ணெயை ஊற்றி விளக்கை அணைத்துவிடுகின்றனர். அணைந்தது விளக்கேயன்றித் தேய்வன்று. அவ்விளக்கு எண்ணெயின் அளவை அறியுமேயன்றிக் குணத்தை அறியாது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது; ஈரம் மிகின் அதன் கொதிநிலை தாழும்; நீண்ட இறக்கத்தில் வெப்பமேறி ஆவிக்குமிழ்கள் தோன்றினால் மிதி வெறுமையாகத் தாழும். அப்போது தாங்கி நிரம்பியே இருக்கும். விளக்கு மௌனமாகவே இருக்கும்.

மின்னணுவியல் தடுப்பினுள் நுழைந்த வரலாறு இதனினும் சிக்கலானது. சக்கரம் பூட்டுண்டு சறுக்குவதைத் தவிர்க்கும் கருவி 1950களின் தொடக்கத்தில் விமானங்களுக்காக டன்லொப் கம்பனியால் ஆக்கப்பட்டது. 1966இல் ஜென்சன் எப்.எப். என்னும் ஆங்கிலக் காரில் அது இடம்பெற்றது. அது முழுமையும் பொறிமுறை சார்ந்தது. மின்னணு முறையிற் செய்ய முயன்றோர் முதலில் இடர்ப்பட்டனர். ஜேர்மனியிற் பொஷ் கம்பனியார் ஏறத்தாழ 1,000 மின்னணுப் பாகங்களைக் கொண்டிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியை இலக்கமுறைச் சுற்றுகளின் துணையால் 140 பாகங்களாகக் குறைத்த பின்னரே 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அதனை விற்பனைக்கு விடமுடிந்தது. பாகங்கள் கூடக்கூட இடைவிட்டுத் தோன்றும் வழுக்களும் கூடும் என்பது அவர்கள் கற்ற பாடம்.

அமெரிக்கர் இப்பாடத்தை வீதியிற் கற்றனர். 1975இல் நடைமுறைக்கு வந்த நியமம் ஒன்று காற்றுத்தடுப்புடைய பாரவூர்திகளுக்குப் பூட்டுத்தவிர்க்கும் கருவியை நடைமுறையிற் கட்டாயமாக்கியது. அக்காலக் கருவிகள் அதற்குத் தகுதிபெற்றிருக்கவில்லை. உற்பத்தியாளர் வழக்காடினர். 1978இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றின் நம்பகமின்மையைக் காரணங்காட்டி அவ்விதிகளைச் செயலற்றவையாக்கியது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1995இல், புதிய விதி வெளியிடப்பட்டு 1997 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியில் ஒரு புதிய வாசகம் இருந்தது. கருவியில் வழு உண்டாயின் விளக்கு எரிந்தாற் போதாது. வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பிய பின்னரும் அச்செய்தி கருவியினுட் காக்கப்படவேண்டும். மறுமுறை சாவி திருப்பப்படும்போது அது தானாகவே மீண்டும் வெளிப்படவேண்டும். பழைய முசலம் தன் இயல்பாற் செய்ததை இங்கே சட்டம் எழுத்திற் கேட்கின்றது. இரவிற் சாவியைத் திருப்பிக் காலையில் மறந்துவிடும் எச்சரிக்கை எச்சரிக்கையாகாது என்பதைச் சட்டமியற்றியோர் உணர்ந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும்.

கார்களின் ஒழுகலாறு எல்லா இடத்தும் இத்துணைக் கண்டிப்பானதன்று. பூட்டுத்தவிர்க்கும் கருவி ஒவ்வொரு முறை வண்டி புறப்படும்போதும் தன்னைத் தானே சோதித்துக்கொள்கின்றது. வழுக் கண்டால் தான் விலகிச் சாதாரணத் தடுப்பை விட்டுவைத்து மஞ்சள் விளக்கை ஏற்றும். அடுத்த புறப்பாட்டில் வழு வெளிப்படாவிடின் விளக்கும் அணையும்; வழுக்குறி மட்டும் நினைவகத்தில் தங்கும். வழு ஏன் ஒருநேரம் இருந்து ஒருநேரம் இல்லாது போகின்றது என்பதற்குச் சக்கரத்தின் அருகிலேயே விடை உண்டு. சக்கரத்தின் வேகத்தை அறியும் உணரி, சுழலும் வளையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியிற் சேற்றுக்கும் நீருக்கும் நடுவே இருக்கின்றது. துரு ஏறினால் அவ்விடைவெளி மாறும். அதன் வயரோ முன்சக்கரம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் வளைகின்றது. உள்ளே செப்புக்கம்பி முறிந்தும் வெளியுறை முறியாதும் இருக்கும் நிலையில், இடப்புறம் திரும்பும்போது தொடர்பு அறும், நேராகும்போது சேரும். இணைப்பியினுள் ஈரம் புகுந்தால் மழைநாளில் மட்டும் வழுத் தோன்றும். பற்றரி நலிந்திருப்பின் குளிர்ந்த காலையில் மட்டும் தோன்றும்.

1986இற் பொஷ் அறிமுகப்படுத்தி 1991இன் பெரிய மேர்சிடிஸ் காரில் இடம்பெற்ற பொதுத் தொடர்பு வலையமைப்பு இதனை மேலும் பெருக்கியது. பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இரு வயர்களின் வழியே ஒன்றோடொன்று பேசலாயின. ஒரு சக்கர உணரி சொல்லும் வேகத்தை நிலைப்படுத்தும் கருவியும் மேட்டுப் புறப்பாட்டுக் கருவியும் கேட்கின்றன. உணரி ஒருகணம் வாய்மூடினால் மூன்று நான்கு வாசகங்கள் ஒருங்கே எழுகின்றன. முழு அமைப்பும் அழிந்தது என உரிமையாளர் அஞ்சுவதும், விலையுயர்ந்த பெட்டியை மாற்றுக எனச் சிலர் அவருக்குக் கூறுவதும் இதனாலேயாகும்.

இடைவிட்டுத் தோன்றும் வழுவைப் பற்றிய மற்றொரு வரலாறு தடுப்புக்குப் புறம்பானதெனினும் குறிப்பிடத்தக்கது. 1980களிற் போர்ட் கார்களில் இருந்த எரிபற்றற் பெட்டியொன்று எஞ்சினின் வெப்பத்திற் செயலிழந்தது, ஆறியதும் உயிர்பெற்றது. கழற்றி மேசையில் வைத்துச் சோதித்தபோது பழுது எதுவும் தெரியவில்லை. பிற்காலத்தில் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் பழுது இனங்காணப்படாமை என்ற இப்பிரச்சினையை ஆராய்ந்தபோது இதனை முதன்மையான சான்றாகக் கொண்டனர். மேசைமீது தோன்றாதது இல்லாதது ஆகாது. சாரதியின் வாக்குமூலத்தைப் பரிசோதனைக் கருவியின் வாக்குமூலத்துக்குக் கீழே வைக்கும் வழக்கத்தை நாம் கேள்விக்குட்படுத்தவேண்டும். எந்த வேகத்தில், எந்த வளைவில், மழையிலா வெயிலிலா, புறப்பட்ட உடனேயா நெடுந்தூரம் ஓடிய பின்னரா என்னும் விவரங்களை அவர் ஒருவரே அறிவார். கல்வெட்டைப் படியெடுக்குமுன் சுவருக்கு வெள்ளையடித்த திருப்பணியாளரை வரலாற்று மாணவர் அறிவர். நினைவகத்திலுள்ள வழுக்குறியை வாசித்துக் குறித்துக்கொள்ளுமுன் அதனை அழித்துவிடும் திருத்துநரும், பற்றரியின் முனையைக் கழற்றி விளக்கை அணைக்கும் உரிமையாளரும் செய்வது அதுவே. மஞ்சள் விளக்கு எரிகையில் நிதானமாக வீடு சேர்ந்து இவற்றைச் செய்ய அவகாசம் உண்டு. சிவப்பு விளக்கு எரிய மிதியும் தாழ்ந்தால் அவகாசம் இல்லை. வண்டியை ஓரங்கட்டுவதே செய்யத்தக்கது.

2001இல் மேர்சிடிஸ் பென்ஸ் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையில் மின்கட்டளையை வைத்தது. 2004இல் 680,000 வண்டிகளையும், அடுத்த ஆண்டில் வேறு குறைகளையும் சேர்த்து 13 இலட்சம் வண்டிகளையும் திருப்பியழைக்க நேர்ந்தபின் அம்முறை சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. 2010 பெப்ரவரியில் ரொயோற்றா ஏறத்தாழ 437,000 கலப்பின வண்டிகளைத் திருப்பியழைத்தது. வழுக்கும் வீதியில் மோட்டார்த் தடுப்பிலிருந்து திரவத்தடுப்புக்கு மாறும் கணத்திற் பிடி நழுவுவதுபோற் சாரதிகள் உணர்ந்தனர். இங்கு முதலில் எச்சரித்தது சாரதியின் பாதமேயாகும். கணினி நிரலைப் பின்னரே திருத்தினர்.

அவ்வகைக் கலப்பின வண்டிகள் யப்பானில் ஓடியபின் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீளத் திறக்கப்பட்டமையால், இடைப்பட்ட காலத்தில் இருந்தவையே ஓடி முதுமையடைந்தன. பலவற்றின் அறிவிப்புகள் யப்பானிய மொழியில் உள்ளன. பலகையில் ஒளிரும் வாசகம் தடுப்பைப் பற்றியதா, கதவைப் பற்றியதா என்பதை அறியாமலே ஓட்டுவோர் உளர். மொழி வேண்டாத குறி ஒன்று மட்டும் எஞ்சுகின்றது: வட்டத்தினுள் ஒரு வியப்புக்குறி, இருபுறமும் இரு வில். சாவியைத் திருப்பியதும் விளக்கின் நலத்தைக் காட்ட அது ஒருகணம் எரிந்து அணையவேண்டும். பழைய வண்டி வாங்கச் செல்வோர் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன் இதனைப் பார்ப்பது நன்று. அக்குறி ஒருகணமும் எரியாதவாறு இணைப்பு நீக்கப்பட்ட வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன.